லூயிஸ் ஆசிரியரின் நாத்திக மறுப்பும் சித்தாந்த நோக்கும்

நாத்திகங் களைந்து கடவுளுண்மை நாட்டுதல் சைவ சித்தாந்த நூல்களின் தலையாய பணியாகும். சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் உலகிற்கு முதல்வன் ஒருவன் உளன் என்று நாட்டுதலையே கருத்தாக உடையது. சிவஞானசித்தியார் பரபக்கமும் உலகாயதனை முன்னிறுத்தி, அவன் கூற்றைக் களைந்த பின்னரே ஏனைச் சமயங்களை ஆராயப் புகுகின்றது. இப்பணியைப் பிற நாட்டிற் பிற சமயத்தார் செய்யுமிடத்து, அவர் காட்டும் ஏதுக்கள் எவ்வெல்லை வரை செல்லும், எவ்விடத்து நின்றுபோம் என்று ஆராய்ந்தறிதல் சித்தாந்தம் பயில்வார்க்கு உரிய கடனாம்.

இக்காலத்திற் கடவுட் கொள்கைக்குப் பகைவர் இருவர் உளர். கடவுள் இல்லை என்பான் ஒருவன். மெய் என்பது பொதுவாக ஒன்றில்லை, அவரவர் கொண்டதே அவரவர்க்கு மெய் என்பான் மற்றொருவன். முன்னவன் கோயிற் கதவை அடைக்கின்றான். பின்னவன் சுவரை இடித்துவிட்டு, இனிக் கதவு எற்றுக்கு என்று வினவுகின்றான். இவ்விருவருள் பின்னவனே நயமாகப் பேசுவான். ஆதலின் அவனாற் கேடு மிகுதி. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் உரோமையில் கர்தினால் இராட்சிங்கர் இச்சார்புக் கொள்கை தானே ஒரு கொடுங்கோலாக வளர்கின்றது என்று எச்சரித்தார். மறுநாள் அவர் பதினாறாம் பெனடிக்ட் என்னும் பெயரோடு கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராயினார். அவர்க்கு அறுபதாண்டின் முன்னரே இவ்விரு பகைவரோடும் ஒருங்கு வாதிட்டவர் ஆங்கில நாட்டு ஸி. எஸ். லூயிஸ் என்பவர்.

லூயிஸ் 1898-இல் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தார். இளமையிற் கிறித்துவ நம்பிக்கையைக் கைவிட்டு நாத்திகரானார். பின்னர்க் கடவுளுண்மை தெளிந்து, 1931-இல் மீண்டும் கிறித்துவரானார். 1925 முதல் 1954 வரை ஆக்ஸ்போர்டு மக்டலன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிற்றினார். 1941 முதல் 1944 வரை, போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அவர் ஆற்றிய வானொலிச் சொற்பொழிவுகள் 1952-இல் ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ என்னும் ஒரே நூலாகத் தொகுக்கப்பெற்றன. நாத்திகராயிருந்து மீண்டவராதலின், எதிர்ப்பக்கத்தின் வலியும் மெலிவும் அவர்க்கு நன்கு தெரியும். இஃது அவர் நூல்கட்கு ஒரு தனிச் சிறப்பு.

சார்புக் கொள்கையை அவர் மறுக்கும் முறை எளிது. இருவர் பூசலிடுங்கால், ‘நீ செய்தது முறையன்று’ என்று ஒருவன் கூற, மற்றவன் ‘முறை என்று ஒன்றில்லை’ என்று விடையிறுப்பதில்லை. தான் செய்தது முறைக்கு மாறன்று என்றே காட்ட முயல்கின்றான். ஆகவே இருவர்க்கும் பொதுவாய், இருவர்க்கும் மேலாய் ஓர் அறம் உண்டென்பதை இருவரும் உடன்பட்டே வாதிடுகின்றனர். அன்றியும், அளவுகோல் ஒன்று இல்லையாயின் நாட்சியரது ஒழுக்கத்தினும் மற்றையோர் ஒழுக்கம் மேலானது என்று கூறுதற்கு இடனில்லை. போர்க்காலத்தில் இதனைக் கேட்டார்க்கு இஃது ஏட்டுவாதமாக இருந்திராது.

1943-இல் டரம் பல்கலைக்கழகச் சார்பில் அவர் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகள் ‘அபோலிஷன் ஆவ் மேன்’ என்னும் நூலாயின. பள்ளி மாணாக்கர்க்கென எழுதப்பெற்ற ஒரு பாடநூல், அருவி ஒன்றைக் கண்டு ‘வியத்தற்குரியது’ என்பவன் அருவியைப் பற்றி யாதுங் கூறவில்லை, தன் உணர்ச்சியையே கூறுகின்றான் என்று கற்பித்தது. இச்சிறு விதையினின்று எத்துணைப் பெரிய நச்சுமரம் எழும் என்று லூயிஸ் காட்டுகின்றார். பொருளின்கண் பெருமையும் சிறுமையும் இல்லையெனின், அன்பு காட்டத்தக்கது இது, வெறுக்கத்தக்கது இது என்னும் வரையறை அழியும். அஃது அழியவே மக்களை ஆள்வோர் தம் விருப்பப்படி மக்கள் மனத்தை வனைந்துகொள்வர். இவ்வறம் ஒரு நாட்டார்க்கே உரியதன்று எனக் காட்டுதற்குச் சீனர், எகிப்தியர், உரோமர் முதலியோர் நூல்களோடு இந்துக்கள் அறநூற் கருத்துக்களையும் நூலிறுதியில் தொகுத்து வைத்தார். வேதங் கூறும் ‘ருதம்’ என்னும் ஒழுங்கையும் எடுத்துக்காட்டினார். தம் சமயத்தை நாட்ட வந்தவர் பிற சமயத்தாரைச் சான்றாக அழைத்தது நடுவுநிலை உடையார் செயலே.

ஈண்டுச் சைவர் சிலர்க்கு ஓர் ஐயம் எழும். எச்சமயமும் ஒன்றே என்பதன்றோ சைவத்தின் பரந்த நோக்கு, அதனை விடுத்துச் சார்புக் கொள்கையை மறுப்பாரோடு சேர்தல் தகுமோ என்பது அவ்வையம். அற்றன்று. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வந்து அருள்செய்பவன் சிவபெருமானே என்னும் சித்தியார் சுபக்கச் செய்யுளை இவர் மேற்கோளாகக் காட்டுவர். ஆயின் அச்செய்யுளின் முற்பகுதியோடு நின்றுவிடுவர். அதன் பிற்பகுதி ஏது கூறுகின்றது. பிறத்தல், இறத்தல், துன்புறுதல், வினைசெய்தல் என்னும் இவை உடைய தெய்வங்கள் தாமே பயன் தரமாட்டா. இவை இல்லாத ஒருவனே அறிந்து தரவல்லன் என்பது அவ்வேது. எல்லாம் ஒன்றே என்பார்க்கு ஏதுக் கூறவேண்டுவதில்லை. அருணந்தி சிவாசாரியார் ஏதுக் கூறினார். ஆகலின் அவர் கருத்து, வழிபடுவோன் வறிதே போகான் என்பதேயன்றிக் கொள்கைகள் யாவும் சமம் என்பதன்று. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களை வகுத்ததும் இதுபற்றியே. படிகள் பல என்பதும், எல்லாப் படியும் ஒரே உயரம் என்பதும் வெவ்வேறு கூற்றுக்கள்.

லூயிஸும் இதனை ஒட்டியே மொழிகின்றார். கிறித்துவனாயினான் ஏனைச் சமயங்கள் முற்றிலும் பொய் என்று கொள்ளவேண்டுவதில்லை. கணக்கிற்கு விடை ஒன்றே எனினும், பிழைபட்ட விடைகளுட் சில மெய்விடைக்கு அணித்தாக இருக்கும் என்பது அவர் காட்டிய உவமை. சித்தாந்தத்தின் படிமுறைக்கு இஃது அயலன்று. வேறுபாடு ஒன்றுண்டு. பிழைத்த விடைக்கும் கணக்காயன் ஒரு பயன் தந்து மேற்கணக்கிற்கு ஏற்றுவிப்பான் என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வேறுதற்குப் பல பிறவி இடந்தருகின்றது. ஒரு பிறவியே உண்டென்பார்க்கு இத்துணை இடமில்லை.

இனி நாத்திக மறுப்பு. 1947-இல் வெளிவந்த ‘மிராக்கிள்ஸ்’ என்னும் நூலில், சடமல்லது பிறிதில்லை என்பான் தன் கொள்கையைத் தானே அழித்துக்கொள்கின்றான் என்று லூயிஸ் வாதிட்டார். எண்ணங்கள் யாவும் அறிவில்லாத அணுக்களின் இயக்கத்தாற் பிறந்தனவேயாயின், ‘சடமே உள்ளது’ என்னும் எண்ணமும் அவ்வாறு பிறந்ததே. அதனை மெய்யென்று கொள்ளுதற்கு ஏது இல்லையாம் என்பது அதன் சாரம். 1948 பிப்ரவரி 2-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு சாக்ரட்டீஸ் கழகத்தில் எலிசபெத் ஆன்ஸ்கம் என்னும் அம்மையார் இதற்குத் தடை விடுத்தார். அவர் நாத்திகரல்லர், கத்தோலிக்கர். ஓர் எண்ணம் தோன்றுதற்குக் காரணம் யாது என்பது ஒரு வினா. அவ்வெண்ணம் மெய் என்பதற்கு ஏது யாது என்பது வேறு வினா. இரண்டனையும் மயங்கக் கூறலாகாது என்பது அவர் தடை. தடையின் வலியை உணர்ந்த லூயிஸ் அவ்வதிகாரத்தைத் திருத்தி எழுதி 1960-ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்தார். தம் சமயத்தார் ஒருவரே தம் ஏதுவை மறுத்தபோது, கொள்கை நன்றாயின் ஏது எவ்வாறிருப்பினும் அமையும் என்று அவர் வாளாவிருந்திலர். தருக்கம் பயில்வார் இதனைக் கடைப்பிடிக்க.

மெய்கண்டார் இவ்விடத்துச் செல்லும் நெறி வேறு. மூன்றாஞ் சூத்திரத்தில் அவர் உயிருண்மை நாட்டுங்கால், எண்ணம் எதனின்று பிறந்தது என்னும் ஆராய்ச்சியினின்று தொடங்கிலர். உடம்பு முதலிய ஒவ்வொன்றனையும் ‘இஃது ஆன்மா அன்று’ என்று கழித்துக்கொண்டு சென்று, முடிவில் ‘ஒன்றும் இல்லை’ என்பார்க்கும், அவ்வாறு ‘இல்லை’ என்று அறிகின்ற அறிவு ஒன்று எஞ்சிநிற்கின்றமை காட்டினார். ஈண்டுக் காரணத்தையும் ஏதுவையும் மயக்குதற்கு இடனில்லை. மறுப்போனுடைய மறுப்பே சான்றாகின்றது. ஆன்ஸ்கம் அம்மையார் விடுத்த தடை இந்நெறியைத் தொடாது.

இனி லூயிஸ் வாதத்தில் மெலிந்த இடம் கூறப்படும். இயேசு தம்மைக் கடவுளாகக் கூறினமையால், அவர் பித்தராதல் வேண்டும், தீயோராதல் வேண்டும், அன்றிக் கடவுளேயாதல் வேண்டும். நல்லாசிரியர் மாத்திரமே என்று கொள்ளுதற்கு வழியில்லை என்பது அவர்தம் புகழ்பெற்ற வாதம். மூன்று கொம்புடைய இவ்வாதம், இயேசு அவ்வாறு கூறினார் என்பதை முன்னரே உடன்பட்டார்க்கே செல்லும். அவர் கூறியனவாக நூல்கள் கூறுவனவற்றை ஐயுறுவானுக்கு நான்காவதொரு வழி திறந்தே கிடக்கின்றது. உரையளவையால் நாட்டவேண்டுவதைக் கருதலளவையால் நாட்டப் புகுந்தமையே இதன் குறை. நாத்திகன்பால் உரையளவை செல்லாது என்பது பரபக்கங் கற்றார் அறிந்ததே. அறத்தினின்று கடவுளுண்மை வரை வந்த லூயிஸ் வாதம் யாவர்க்கும் பொது. அதற்கு மேற்பட்டது அவர் சமயத்தார்க்கே உரியது. கருவிற் பிறந்திறத்தல் முதல்வனுக்கு ஏலாது என்னும் துணிபுடைய சித்தாந்திக்கு அப்பிற்பகுதி உடன்பாடன்று.

இதனினும் கருதத்தக்கது அவர் இந்து சமயத்தைப் பற்றிக் கூறியது. உலகமே கடவுள் என்னும் கொள்கை, தாம் அறிந்த அளவில், இந்துக்களுடையது என்று எழுதினார். ‘தாம் அறிந்த அளவில்’ என்று அவர் அடைகொடுத்தமை பாராட்டற்குரியதே. எனினும் அவர் அறிந்த அளவு போதாது. பதி, பசு, பாசம் என முப்பொருள் கொள்ளும் சித்தாந்தம் உலகைக் கடவுளென்று கூறாது. கடவுளுக்கு உலகோடுள்ள அத்துவிதக் கலப்பையே கூறும். இதனை அறிதற்கு லூயிஸ் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. அவர் வாழ்ந்த ஆக்ஸ்போர்டிலேயே போப்பையர் தமிழ் பயிற்றினார். 1900-இல் அந்நகர்க் கிளாரண்டன் அச்சகமே அவரது திருவாசக மொழிபெயர்ப்பைச் சித்தாந்த விளக்கங்களோடு வெளியிட்டது.

1945-இல் சமயகுருமார்க்கு ஆற்றிய உரையொன்றில் லூயிஸ், ஆராயத்தக்க சமயங்கள் கிறித்துவமும் இந்து சமயமும் ஆகிய இரண்டே என்றார். சமயங்களைச் சாறு போலக் குழம்பின என்றும் தெளிந்தன என்றும் இருவகைப்படுத்தினார். சடங்கும் மறைபொருளும் மிக்கது குழம்பினது. அறமும் தத்துவமும் மிக்கது தெளிந்தது. மெய்ச்சமயம் இரண்டுமாதல் வேண்டும். இந்து சமயத்தில் இரண்டும் இருப்பினும் ஒன்றோடொன்று கூடவில்லை. காட்டிலிருக்கும் முனிவன் கோயிலைக் கருதான், கோயிலுக்குச் செல்வோன் முனிவன் தத்துவத்தைக் கருதான் என்பது அவர் கூறிய குற்றம்.

இக்குற்றத்திற்கு விடை சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரமேயாம். பதினொரு சூத்திரங்களால் முப்பொருளியல்பும், ஞானம் வரும் வழியும், பாசம் நீங்கும் முறையும், முதல்வன் திருவடி கூடுதலும் ஆராய்ந்துணர்த்திய ஆசிரியர், பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் மலங்கழுவிய ஞானி செய்வது யாது என்று கூறுகின்றார். அவன் அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழுவன் என்பது அதன் பொருள். தத்துவ நூலின் கடைசி அடி கோயில் வாயிலிற் சென்று முடிகின்றது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்படியும் ஒருவனையே சாரும் நெறிகள். கையில் உழவாரத்தோடு கோயில்தோறும் புல் செதுக்கித் தொண்டுசெய்த அப்பரடிகளே மெய்ப்பொருளைப் பாடிய ஞானியும் ஆவார். லூயிஸ் தேடிய கூட்டம் இதுவேயன்றோ! தேடவேண்டுவது இன்னதென்று அறிந்தவர், அஃது இருந்த இடத்தை அறிந்திலர்.

துன்பத்தைப் பற்றி அவர் 1940-இல் ஒரு நூலும், மனைவியார் 1960-இல் இறந்தபின் 1961-இல் வேறொரு பெயரில் ஒரு நூலும் எழுதினார். முதனூல் ஆராய்ச்சி, பின்னூல் அழுகை. மக்கள் துன்பத்திற்கு உயிர்களின் தன்னுரிமையையும் அதனால் வந்த வீழ்ச்சியையும் காரணமாகக் காட்டியவர், விலங்குகள் துன்புறுதற்கு ஊகமாகவன்றித் துணிபாக ஒன்றுங் கூறவியலவில்லை. இன்மையினின்று நல்லவனாற் படைக்கப்பட்ட உயிர் தீமையை விரும்பியது எவ்வாறு என்னும் வினாவும் எஞ்சிநிற்கும். உயிரும் மலமும் அநாதி என்றும், எல்லா உடம்பினும் உள்ளது ஓரினத்து உயிரே என்றும் கொள்ளும் சித்தாந்தத்திற்கு இவ்விரு வினாவும் எழா. எனினும், விடை கையிலிருத்தலால் பிறர் அழுகையை இகழ்தல் அடியார்க்கு அழகன்று. தாம் கட்டிய வாதமெல்லாம் தம் துயரத்தின் முன் ஆட்டங்கண்டதை மறையாது எழுதி, பின்னும் கடவுளை விடாது நின்ற அவர் உண்மை போற்றற்குரியது.

சுருங்கக் கூறின், உண்மை ஒன்று உண்டு, அஃது அறியப்படும், அறிதற்கு ஏது வேண்டும் என்னும் இம்மூன்றனையும் காத்தமையால் லூயிஸ் ஆசிரியர் சித்தாந்திக்கு நண்பரே. அம்மூன்றனையும் விட்டு, எல்லாம் ஒன்றே என்பவர் சைவ வேடம் பூண்டாரேனும் நண்பராகார். அவர்க்கு மெய்கண்டாரும் வேண்டார், உலகாயதனும் பகைவனாகான். வாதிடுதற்கு உரியவன் எதிரே நிற்றல் சமயத்திற்கு ஆக்கமே. வாதமே வேண்டா என்பதுதான் கேடு. சைவ நன்மக்கள் பிறசமயத்தாரோடு அன்புடன் அளவளாவுக; பரபக்கத்தையும் சுபக்கத்தையும் ஒருங்கே கற்று, தாம் கொண்டதற்கு ஏதுக் காட்ட வல்லராகுக.

சிவம்.