மண்ணீரல் என்னும் சல்லடை

திருத்தங்கல் போன்ற வறண்ட பகுதி ஊர்களில் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது வழக்கம். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுவதும் அப்படிப்பட்ட தெளிந்த நீரில்தான். கிருமியோடு அது கடித்தாலும் உடம்பு கைகட்டி வேடிக்கை பார்ப்பதில்லை.

இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது மண்ணீரல். எடை சுமார் 150 கிராம். ரத்தச் சிவப்பணுக்கள் தங்கள் அகலத்தைவிடக் குறுகிய இடுக்குகளில் அங்கே நெளிந்து நுழைய வேண்டும். நல்ல அணு வழுக்கிக்கொண்டு போய்விடும்; மலேரியா ஒட்டுண்ணி புகுந்து விறைத்த அணு சிக்கிக்கொள்ளும். காத்திருக்கும் விழுங்கு செல்கள் அதைத் தின்று தீர்க்கும்.

எவ்வளவு நேர்த்தியான வேலை!

சிலருக்கு மரபணுவும் துணை நிற்கிறது. 1952-இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம், சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கக்கூடிய கதிர் அரிவாள் அணு மரபைக் கண்டறிந்தார்கள். அந்த மரபு மலேரியாவிலிருந்து காக்கிறது என்பதை 1954-இல் ஆப்பிரிக்க ஆய்வுகள் மூலம் ஆண்டனி அலிசன் காட்டினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அது கேடயம். இருவரிடமிருந்தும் வந்தால் கடும் ரத்தசோகை.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள்.