வேடமும் கணக்கும்

கணினி விளையாட்டுகளுக்கு ஒரு இலக்கியப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கப்படும். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். ஒரு சாதனம் முழுவதையும் கீழானது என்று தள்ளிவிடுவது சுலபம். அதனுள் எது கீழானது, எது அல்ல என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சனம்.

நான் பேச எடுத்துக்கொள்வது ஆர்.பி.ஜி. என்று சொல்லப்படும் வகையை. ஆடுகிறவன் ஒரு பாத்திரத்தின் வேடத்தை ஏற்கிறான். அதுவாகப் பேசி, முடிவெடுத்து, விளைவையும் ஏற்கிறான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு மூலம். மேஜையைச் சுற்றி நாலு பேர், பகடை, காகிதம், பென்சில். கணினி பின்னால் வந்தது.

இவற்றை ஒப்பிட்டு நம் இளைஞர்கள் விவாதிப்பதைக் கேட்டால் ரசிகர் மன்றத்தின் ஞாபகம்தான் வருகிறது. பயோவேர் பெரிதா, பெதெஸ்தா பெரிதா? எத்தனை மணி நேரம் ஆடலாம், எத்தனை முடிவுகள், நிலப்பரப்பு எவ்வளவு? பதிப்பகத்தின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் வைத்து நாவலை எடைபோடுவது போன்ற காரியம் இது. 'பால்டர்ஸ் கேட்'டின் முதல் இரண்டு பாகங்களை (1998, 2000) செய்தது கனடாவின் பயோவேர். மூன்றாவதை (2023) செய்தது பெல்ஜியத்தின் லேரியன். பயோவேரைத் தொடங்கி நடத்திய இரு டாக்டர்களும் 2012இல் விலகிப் போனார்கள். பெயர்ப் பலகை அங்கேயே தொங்குகிறது. பலகையைக் கும்பிடுகிறவனுக்குப் படைப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கும்?

எனவே நிறுவனங்களை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இந்த விளையாட்டு தரும் வேடத்துக்குக் கனம் இருக்கிறதா?

பெதெஸ்தாவின் 'ஸ்கைரிம்' (2011) உலகெங்கும் கொண்டாடப்பட்டது. மலையும் பனியும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் அதில் ஒரே ஆள் மந்திரவாதிகளின் கல்லூரிக்குத் தலைவனாகலாம், திருடர் கூட்டத்துக்கும் தலைவனாகலாம், கொலைகாரர் சங்கத்துக்கும் தலைவனாகலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. எதையும் இழக்காமல் எல்லாமும் ஆகிவிடுகிறவன் எவனும் இல்லை. அவனிடம் வளர்வது எண்கள் மட்டுமே: பலம் இவ்வளவு, திறமை இவ்வளவு. நான் வங்கி குமாஸ்தா. பகல் முழுக்க எண்கள் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவன். வைப்புத்தொகைக்கு வட்டி ஏறுவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. அதை அனுபவம் என்று அழைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இந்த வகை விளையாட்டுகளோ அந்த எண்ணுக்கே 'அனுபவப் புள்ளி' என்று பெயர் சூட்டியிருக்கின்றன!

எதிர்த்திசையில் போனவை இரண்டு. பிளாக் ஐல் குழு செய்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' (1999), எஸ்டோனியர்கள் உருவாக்கிய 'டிஸ்கோ எலீசியம்' (2019). இரண்டிலும் நினைவிழந்த ஒருவன் கண்விழிக்கிறான். முன்னதில் அவனுக்குச் சாவு கிடையாது. முற்பிறவிகள் போலத் தான் முன்பு செய்துவைத்த கொடுமைகளையே வழியெங்கும் சந்திக்கிறான். பின்னதில் அவன் குடித்துச் சீரழிந்த போலீஸ்காரன். அவனுடைய இருபத்துநான்கு திறமைகளும் இருபத்துநான்கு குரல்களாக மண்டைக்குள் பேசுகின்றன. ஒன்று புகழ்கிறது, ஒன்று தூண்டுகிறது, ஒன்று பொய் சொல்கிறது. எண் ஏற ஏற மனிதன் பலமடைவதற்குப் பதில் சிதறுகிறான். கணக்கைக் கொண்டே கணக்கின் பொய்யைக் காட்டிய உத்தி இது. இதைச் சாதித்த பிளாக் ஐல் 2003இல் மூடப்பட்டது. 'டிஸ்கோ எலீசிய'த்தின் மூளையான ராபர்ட் குர்விட்ஸும் சில முக்கிய சகாக்களும் தங்கள் நிறுவனத்தில் இப்போது இல்லை என்பது 2022இல் வெளியே தெரிந்தது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

நம் பக்கம் என்ன இருக்கிறது? வேடம் ஏற்பது நமக்கு அந்நியமான காரியமே அல்ல. கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவனுக்குத் தெரியும், பதினெட்டாம் போரில் விடிவதற்குள் தான் விழ வேண்டும் என்று. பார்க்கிற சனத்துக்கும் தெரியும். முடிவை மாற்றும் சுதந்திரம் கடுகளவும் கிடையாது. எப்படி விழுகிறான் என்பதில்தான் கலை. இதைக் கண்ட நமக்கு 'எத்தனை முடிவுகள்' என்ற கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது?

எங்கள் அனகாபுத்தூரில் தறிகள் குறைந்துவிட்டன. ஆனால் தறியின் நியாயம் மாறவில்லை. பாவு இழுத்துக் கட்டியிருந்தால்தான் ஊடை ஓடும். பாவு ஆசிரியனுடையது, ஊடை ஆடுகிறவனுடையது. 'ஸ்கைரிம்' பாவைத் தளர்த்திவிட்டு ஊடையை மட்டும் கொண்டாடுகிறது.

இந்தியாவிலிருந்து வந்த 'அன்ரெஸ்ட்' (2014, பைரோடாக்டில்) இந்த நியாயத்தைப் புரிந்துகொண்டிருந்தது. பழைய இந்தியாவின் சாயலில் கற்பனை செய்த ஒரு நகரம், பஞ்சம். வீரன் ஒருவனுக்குப் பதிலாகப் பலருடைய வேடம் மாறி மாறி நமக்கு வருகிறது. அதில் ஒருத்தி, வீட்டார் பார்த்துவைத்த கல்யாணத்தின் முன் நிற்கும் விவசாயப் பெண். வாளெடுப்பது பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. எடுத்தால் சாவது நாமாகவும் இருக்கலாம். நோக்கம் உயர்ந்தது. நிறைவேறியதா? முழுக்க இல்லை. பாத்திரங்கள் பஞ்சத்தைப் பற்றி விவாதிக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பசி இல்லை. பெயர்கள் நம்முடையவை, வாக்கியங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டியினுடையவை. பாவு சரி, நூல் இரவல்.

'வெண்பா'வை (2023, விசை கேம்ஸ், டொரொன்டோ) இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பார்கள். அதில் பகடை இல்லை, புள்ளி இல்லை. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பெண். அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு, எழுத்து அழிந்து கிழிந்துபோனது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் முதல் சோதனை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மகன் நம்மைவிட்டு விலகிப் போவதைத் தடுக்க எந்தப் பதிலைத் தேர்ந்தும் பயனில்லை. பிறகு அதே குறிப்பேடு மகன் கைக்கு வரும்போது, தமிழ் எழுத்து அவனுக்குத் தட்டுப்படாமல் மங்குகிறது. ஆடுகிற நம் கை அவன் தடுமாற்றத்தைத் தடுமாறுகிறது. வாசித்துத் தெரிந்துகொள்ளும் துக்கம் அல்ல இது. செய்து தெரிந்துகொள்ளும் துக்கம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா இதற்கு முதல் படைப்புக்கான பரிசைக் கொடுத்தது. பரிசு கிடக்கட்டும். கொஞ்சம் இனிப்புத் தூக்கல், நியாயமாக வந்திருக்க வேண்டிய கசப்பை ஒரு சாப்பாட்டில் சமாதானம் செய்துவிடுகிறது என்ற குறையும் எனக்கு உண்டு. இருந்தும், வேடத்தின் கனம் என்று நான் சொன்னது 'ஸ்கைரிம்'மின் நூறு மணி நேரத்தைவிட இந்த ஒன்றரை மணியில் அதிகம்.

தமிழில் இந்தச் சாதனத்தைக் கையிலெடுக்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. டிராகனுக்குப் பதில் யாளியையும் வாளுக்குப் பதில் வேலையும் வைத்தால் தமிழ் விளையாட்டு ஆகிவிடாது. யாருடைய வேடம், அவரால் எது முடியாது என்பதை முதலில் தீர்மானியுங்கள். என்ன முடியும் என்பதற்கு அதற்குப் பிறகுதான் அர்த்தம் வரும்.