பசுமையும் மண்ணும்: ஊவாவின் நடுகைக் காடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஊவாவின் பொருளாதாரத்தை ஒருமுறை மாற்றியமைத்தது ஒரு நுண்ணங்கி. 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டத்திற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், பங்கசொன்றினால் விளைந்தது. இரு தசாப்தங்களுக்குள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. மலையெங்கும் ஒரே பயிர் நின்றமை நோய் பரவ வழியாயிற்று. பசுமை மட்டும் நிலத்தின் நலத்துக்குச் சான்றாகாது என்னும் இப்பாடம், பதுளை மாவட்டத்தில் பின்னர் தோன்றிய நடுகைக் காடுகளை மதிப்பிடவும் உதவும்.

கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பத்தனாப் புல்வெளிகளிலும் 1970களிலும் 1980களிலும் கரிபியன் பைனசு பெருமளவில் நடப்பட்டது. அரிப்புற்ற சரிவுகளை விரைவில் மூடும் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயின் மரத்தின் உயரமும் மூடிய பரப்புமே வெற்றியின் அளவுகோல்களாயின், மண்ணுள் நிகழ்வது கணக்கில் வாராது.

பைனசின் வேரை உறைபோற் சூழும் பங்கசுகளே அதற்குப் பொசுபரசையும் நைதரசனையும் தேடித் தருகின்றன. தேயிலை வேரினுள் வாழ்வது வேறொரு பங்கசுக் கூட்டம். மரம் மாற, மண்ணின் துணையுயிர்களும் மாறுகின்றன. பைனசின் ஊசியிலையில் இலிக்னின் மிகுதி, நைதரசன் குறைவு. ஆதலால் அது மெல்லவே மக்கும். சருகு மெத்தையெனத் தேங்கும். வறண்ட மாதங்களில் அது தீப்பற்றின் மேல்மண்ணின் உயிர்களும் வெந்தழியும். மாறாக, தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கையின் தழை விரைவில் மக்குவதோடு, அதன் வேர்முடிச்சுப் பற்றீரியாக்கள் வளியின் நைதரசனையும் மண்ணுக்கு ஈட்டித் தருகின்றன.

எனினும், பைனசு மண்ணைக் கொன்றுவிடும் என்ற குற்றச்சாட்டும் மிகையே. நுண்ணங்கிகள் முற்றாக அழிவதில்லை. அவற்றின் அமைப்பே மாறுகிறது. தேயிலைக் காலத்து அரிப்பு விளைத்த வறுமையையும் பைனசின் கணக்கில் எழுதுவது நீதியன்று. 1990களில் சிங்கராஜ வனத்தின் விளிம்பில், பைனசு வரிசைகள் சிலவற்றை அகற்றி ஒளி புகவிட்டுச் சுதேச மரங்களை நட்டபோது அவை நன்கு வளர்ந்தன. அந்த ஈரவலய அனுபவத்தை வறட்சி மிக்க ஊவாச் சரிவுக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது. ஆயினும் ஒற்றை மரத்தோப்பை முடிவாகவன்றி இடைநிலையாகக் கருதலாம் என்பதை அது உணர்த்துகிறது.

தோட்டங்களில் வாழ்வோர்க்கு இது வெறும் ஆய்வுப்பொருளன்று. நுண்ணங்கிகள் பிணைத்த மண்ணே மழையை உள்வாங்கும். அச்சரிவுகளின் அடியிலேயே லயங்களும் பீலிகளும் உள்ளன. ஆதலின் காடாக்கத் திட்டம் எதுவும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, பத்தாண்டின் பின் மண் என்ன நிலையை அடைந்தது என்பதையும் கூறல் வேண்டும். அதுவரை அதனைக் காடு என்பதினும் மற்றுமொரு பெருந்தோட்டம் என்பதே பொருந்தும்.