எண்ணிக்கையாகச் செத்தவர்கள்

போர்ச்செய்தியை நாம் எப்படி வாசிக்கிறோம்? எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். செத்தவன் எந்தச் சேரியிலிருந்து போனவன் என்று நாமும் கேட்பதில்லை, பத்திரிகையும் சொல்வதில்லை. இந்த மௌனத்தைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

1987 அக்டோபர் 11 இரவு. இந்திய அமைதிப்படை புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஆட்களை இறக்கியது. கமாண்டோக்களுக்குப் பின் 13வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்கள் 30 பேர் இறங்கினார்கள். சுடுதல் கடுமையானதும் மீதிப் படை வந்து சேரவில்லை. 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார்.

இதைப் பற்றி இன்றுவரை எழுதுகிறார்கள். உளவு தவறியதா, திட்டம் தவறியதா என்று விவாதம். தளபதிகள் திபிந்தர் சிங்கும் ஹர்கிரத் சிங்கும் நூல்களே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த 29 பேர் யார்?

சீக்கிய ரெஜிமென்ட் வேறு, சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வேறு. முன்னது நிலமுள்ள ஜாட் சீக்கியருடையது. பின்னது மஜபி, ராம்தாசியா சீக்கியருடையது. பஞ்சாபின் நிலமில்லாத தலித்துகள். வெள்ளைக்காரன் மஜபிகளைப் பாதை வெட்டவும் பாலம் போடவும் பயனியர் படையில் சேர்த்தான். 1930களின் தொடக்கத்தில் அந்தப் படையைக் கலைத்தான். உலகப்போருக்கு ஆள் பத்தாமல் போனதும் 1941இல் திரும்பக் கூப்பிட்டான். மகர் ரெஜிமென்ட் உருவானதும் அதே 1941இல்தான். தேவைன்னா வீரன், தேவை முடிஞ்சா தீண்டாதவன்.

டெல்லிக்கு அவர்கள் ஜவான்கள். தமிழ்நாட்டு மேடைக்கு வடநாட்டுப் பட்டாளம். 1990 மார்ச்சில் திரும்பி வந்த படையை வரவேற்கப் போகமாட்டேன் என்றார் முதல்வர் கருணாநிதி. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் தேசம், இனம் என்ற இரண்டு கதையாடல்களிலும் சாதி மட்டும் காணாமல் போனது. 8வது மகர் படையின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25இல் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அவர் தமிழர் என்பது நமக்குத் தெரியும். படையின் பெயரில் சாதி ஏன் இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? பின்னாளில் எல்லாச் சாதியாரையும் சேர்த்துக்கொண்ட படைதான் அது. பெயர் மட்டும் வரலாற்றைச் சுமந்து நிற்கிறது.

இதைச் சொல்வது பட்டாளத்துக்கு வக்காலத்து வாங்க அல்ல. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அமைதிப்படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டது. நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தக் காலத்துப் பெண்களின் சாட்சியங்களை ‘முறிந்த பனை’ பதிவு செய்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். சீருடைக்குள் இருப்பவன் நம்மாளு என்பதால் இந்தக் குற்றம் கரைந்துவிடாது. அடிபட்டவனையே அடியாளாக்குவதுதான் அரசின் வேலை. அதைப் பார்க்கச் சாதி தெரிய வேண்டும், மன்னிப்பதற்காக அல்ல.

தீபாவளி என்றால் எங்கள் பக்கத்துக்கு வேறு கணக்கு. ஊரெல்லாம் வெடிக்க இங்கே மருந்து செலுத்துகிறோம். 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 38 பேராவது செத்தார்கள். அன்றும் தலைப்பில் நின்றது எண்ணிக்கைதான். பட்டாசு வேலைக்குப் போகும் என் சின்னம்மா ஒருமுறை சொன்னாள்: “எத்தன பேருன்னு போடுதான். அந்த ரூமுக்கு யாரை அனுப்புதான், ஏன் அனுப்புதான்னு போட மாட்டேங்கான்.” போர்ச்செய்தி பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. கூலி இல்லாத ஊரில் பட்டாளமும் பட்டாசும் ஒரே வாசலில் வந்துதான் ஆள் எடுக்கின்றன.

தோழர்களே, மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் அன்று ஈழத்துக்குப் போயின. அப்படிப் போய் வந்தவர்கள் நம் தெருக்களில் இருந்தால் தேடிப் போவோம். என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்வது நமக்குப் பிடிக்காமல் போகலாம். அதையும் சேர்த்தே அச்சேற்றுவோம்.