பாமினிக் கோப்பும் பின்சாய்கோடும்: சிறப்புக் குறிகளைக் கையாளும் மரபுகள்

மட்டக்களப்பின் புளியந்தீவு விழா மலர்களின் ஊர். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, கோயில்கள், சங்கங்கள் என விழா எடுக்கும் இடமெல்லாம் நினைவு மலரும் உண்டு. யார் படித்தார், யார் கற்பித்தார், யார் நிதி தந்தார் என்று அவற்றில் இருப்பதை வேறெங்கும் தேடிக் காண்பது கடினம். இலங்கைத் தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது பாமினி எழுத்துரு. அதில் தட்டிய பக்கங்களை இன்று யுனிகோடுக்கு மாற்றினால்தான் தேடவும் மறுபடி பதிப்பிக்கவும் முடியும். அந்த வேலையின் உயிர்நிலை ஒரு சிறு நுட்பம்: சிறப்புக் குறிகளை 'எஸ்கேப்' செய்தல், அதாவது அவற்றின் ஆணைத்தன்மையை நீக்கி வெறும் எழுத்தாக்குதல்.

பாமினி, தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பை ஒட்டியது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. ஆங்கில எழுத்துகளின் இடம் போதாதபோது குறிகளின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. அதனால் ஜ என்பது கோப்பில் [ என்றும், ஷ என்பது \ என்றும், ஸ என்பது ] என்றும் கிடக்கும். கூ என்பது $; டூ என்பது ^; ழூ என்பது *; ரூ என்பது &.

எடிட்டர்களின் தேடல் மொழியில் இவற்றுள் பல ஆணைகள். ^ என்றால் வரியின் தொடக்கம். அதை அப்படியே தேடி 'டூ' என மாற்றச் சொன்னால், வரிதோறும் முன்னால் ஒரு டூ வந்து ஒட்டும். $ என்றால் வரியின் முடிவு. 'கூட்டம்' திருந்தாது, வரிக்கடைசியில் கூ மட்டும் முளைக்கும். [ தனியே நின்றால் சில கருவிகள் பிழை காட்டும், சில பொறுத்துக்கொள்ளும். ஷ தான் மிகக் கடினம்: மற்றக் குறிகளின் ஆணைத்தன்மையை நீக்கும் பின்சாய்கோடே அங்கே எழுத்தாக நிற்கிறது. அதைத் தேட \\ என்று இரண்டு இடவேண்டும்.

பின்சாய்கோட்டை 1961இல் கணினிக் குறித்தொகுதிக்கு முன்மொழிந்தவர் பாப் பீமர். அதன் பயன்பாட்டில் மூன்று மரபுகள் வளர்ந்தன.

முதலாவது யுனிக்ஸ் மரபு. கென் தாம்சனின் 'எட்' எடிட்டரில் தொடங்கி, 'செட்', பில் ஜாய் எழுதிய 'வீஐ', 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட 'விம்' என்று தொடர்வது. இங்கே பின்சாய்கோடு இரு திசையிலும் வேலை செய்யும்: [ இன் ஆணைத்தன்மையைப் பறிக்கும், வளைவு அடைப்புக்கு அதைக் கொடுக்கும். இரண்டையும் மனத்தில் வைத்திருப்பது பெரும் சுமை. அதைக் குறைக்க விம் ஒரு வழி தந்தது: தேடலின் தலையில் பின்சாய்கோடும் பெரிய 'வீ'யும் இட்டால், பின்சாய்கோட்டையும் கட்டளையை முடிக்கும் குறியையும் தவிர மற்றவை வெறும் எழுத்துகளே. இம்மரபில் மாற்றீட்டுப் பக்கமும் கவனம் கேட்கும். அங்கே & என்பது 'கண்டுபிடித்த சொல்லையே திரும்ப இடு' என்ற ஆணை. அச்சகத்துக்காக யுனிகோடைப் பாமினிக்கு மாற்றும்போது ரூ இருக்குமிடத்தில் & மட்டும் எழுதினால் ரூ ரூவாகவே நிற்கும்; \& என்று எழுதவேண்டும்.

இரண்டாவது ஈமாக்ஸ் மரபு. அங்கே லிஸ்ப் நிரலுக்குள் எழுதும் தேடலை முதலில் லிஸ்ப் மொழி வாசிக்கிறது, பிறகே தேடல் பொறி வாசிக்கிறது. ஒவ்வொரு வாசிப்பிலும் பின்சாய்கோடுகள் பாதியாகக் குறையும். எனவே ஜவுக்கு \\[ என்றும், ஷவுக்கு \\\\ என்றும் எழுதவேண்டும்.

மூன்றாவது 1987இல் லாரி வால் தந்த பெர்ல் மரபு. எழுத்தோ எண்ணோ அல்லாத எந்தக் குறிக்கு முன்னும் பின்சாய்கோடு இட்டால் அது வெறும் குறியே, விதிவிலக்கில்லை. முழுத் தொடரையும் தானே எஸ்கேப் செய்யும் வசதியும் மொழிக்குள்ளேயே உண்டு. பைதானும் பிஎச்பியும் இதே வழியில் நடந்தன. மூன்றிலும் பாமினி வேலைக்கு மிகப் பொருந்துவது இதுவே.

மரபு எதுவானாலும் தரம் ஒன்றே. எஸ்கேப் செய்வதைக் கையால் செய்யாமல் கருவியிடம் விடவேண்டும். கையால் செய்தே ஆகவேண்டுமானால் பின்சாய்கோட்டை முதலில் முடிக்கவேண்டும். இல்லாவிட்டால் நாமே இட்ட கோடுகள் மறுபடி இரட்டிக்கும். 'கொ' போன்ற நீண்ட தொடர்களைத் தனிக்குறிகளுக்கு முன்பே மாற்றிவிடவேண்டும். யுனிக்ஸ் ஷெல்லில் ஸ்கிரிப்டை எழுதுவோர் ஹவையும் கவனிக்கவேண்டும்: பாமினியில் அது ` என்ற குறி, இரட்டை மேற்கோளுக்குள் அது நின்றால் அதன்பின் வருவதை ஷெல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தரத்தை வலியுறுத்தக் காரணம் உண்டு. பிழை எல்லா எழுத்திலும் சமமாக விழுவதில்லை. க, ப, ம போன்றவை பாமினியில் சாதாரண எழுத்துகளின் இடத்தில் இருப்பதால் எளிதில் மாறிவிடும். கூ, டூ போன்றவை நீங்கலாக, இடறுபவை ஜ, ஷ, ஹ. இந்த எழுத்துகள் எங்கே அதிகம்? பெயர்களில். நிர்வாகக் குழுவின் ஜெயராஜாவும் ஜோசப்பும், நன்றியுரையில் வரும் காத்தான்குடி ஷரீபும் ஏறாவூர் ஹமீதும் இந்த எழுத்துகளால் ஆனவர்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் மட்டக்களப்பு வாவிக்கரையில், கவனமற்ற ஒரு ஸ்கிரிப்ட் சிலருடைய பெயர்களை மட்டும் சிதைத்துவிட்டுப் போகும். கட்டுரை பெரும்பாலும் சரியாக இருப்பதால் பிழை யார் கண்ணிலும் படாது. பெயரைத் தேடும் பேரப்பிள்ளைக்கு மட்டும் அது கிடைக்காது.

ஆகவே மலர்களை மின்வடிவுக்குக் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் கேட்பது இதுதான். மூலப் பாமினிக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றிய ஸ்கிரிப்டையும் அதன் அருகில் வையுங்கள். பரிசோதனைக்கு முதற்பக்க வாழ்த்துரையை எடுக்காமல், கடைசிப் பக்கங்களில் உள்ள பெயர்ப்பட்டியலை எடுங்கள். அங்கே ஒரு பெயரும் பிறழாமல் வந்தால்தான் வேலை முடிந்தது.