வயதாகாத குழந்தை என்னும் புனைவு

நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைக் காட்டி, "இவள் இன்னும் குழந்தைதான்" என்று அன்போடு சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அறிவுசார் குறைபாடு உடையவர்களைக் குறிக்கத் தமிழில் நெடுங்காலம் புழங்கிய 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற சொல்லுக்குள்ளும் இதே எண்ணம்தான் இருக்கிறது: வளர்ச்சி எங்கோ நின்றுவிட்டது. மனம் வளரவில்லை என்று முடிவுகட்டிய பின், உடல் மூப்படைவதையும் நாம் கவனிப்பதில்லை. குழந்தைக்கு மாதவிடாய் நிற்குமா? எலும்பு தேயுமா? மறதிநோய் வருமா? சொல் இந்தக் கேள்விகளை எழவிடுவதில்லை என்பதே என் வாதம்.

அயர்லாந்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். முதுமை குறித்து அங்கே நடக்கும் தேசிய நீள்கால ஆய்வு 50 வயதைக் கடந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதன் துணை ஆய்வாக, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மேரி மெக்காரன் தலைமையில் தொடங்கிய 'ஐடிஎஸ்-டில்டா', அறிவுசார் குறைபாடு உடையவர்களை 40 வயதிலிருந்தே சேர்த்தது. முதல் சுற்றில் 753 பேர். இவர்களில் பலருக்கு முதுமை முன்னதாகவே வந்துவிடுகிறது என்ற புரிதல் அந்தப் பத்தாண்டு வித்தியாசத்தில் இருக்கிறது. பிந்தைய சுற்று ஒன்றில் குதிகால் எலும்பை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்தார்கள். மருத்துவர்கள் ஏற்கெனவே கண்டறிந்திருந்ததைவிட மிக அதிகமானோருக்கு எலும்பு நலிந்திருந்தது. வெயில் படாத வாழ்க்கை, நடமாட்டக் குறைவு, வலிப்புக்காக ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவை எலும்பை அரிக்கக்கூடியவை. அதை யாரும் சோதித்துப் பார்க்காதவரை நோய் இல்லை என்றே கணக்கு.

மெக்காரன் குழுவின் இன்னோர் ஆய்வு, டவுன் சின்ட்ரோம் உள்ள 77 பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் 97 சதவீதம் பேருக்கு மறதிநோய் வந்தது. கண்டறியப்பட்டபோது சராசரி வயது 55. இதற்கு உடலியல் காரணம் உண்டு. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் அந்தக் குரோமோசோம் மூன்று பிரதிகளாக இருக்கிறது. இவர்களுக்கு மாதவிடாயும் மற்ற பெண்களைவிட முன்னதாக நிற்கிறது. அது சீக்கிரம் நிற்பவர்களுக்கு மறதிநோயும் சீக்கிரம் தொடங்குகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. இருந்தும் இப்பெண்ணின் உடல்சூடு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் 'அடம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. குறைபாட்டின் நிழல் விழுந்து நோய் மறைந்துபோகிறது.

அந்த நிழல் உயிரையும் குடிக்கும். அறிவுசார் குறைபாடு உடைய 247 பேரின் மரணங்களை ஆராய்ந்து 2013இல் இங்கிலாந்தில் வெளியான விசாரணை அறிக்கை, ஆண்கள் பொது மக்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகள் முன்னதாகவும் பெண்கள் 20 ஆண்டுகள் முன்னதாகவும் இறந்ததாகக் கூறியது. பொதுவாகப் பெண்களே அதிக காலம் வாழ்கிறார்கள். இங்கே அந்த அனுகூலமும் பறிபோயிருக்கிறது. இந்த 20க்கும் 13க்கும் இடையிலான தூரம் பெண்ணியத்தின் கேள்வி இல்லையென்றால் வேறு எதுதான் நம் கேள்வி?

நம் நாட்டுப் பெண்ணியம் இந்த உடலுக்காகப் போராடியதுண்டு. 1994இல் புனே அருகே அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களின் கருப்பைகள், மாதவிடாய்ச் சுகாதாரத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்டபோது மகளிர் அமைப்புகள் எதிர்த்தன. ஒப்புதல் இன்றிக் கருத்தரிக்கும் ஆற்றலைப் பறிக்கும் மருத்துவ நடைமுறையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடுக்கிறது. அன்று இளம்பெண்களாக இருந்தவர்கள் இன்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்க வேண்டியவர்கள். கருப்பைக்காக எழுந்த குரல், மாதவிடாய் நின்ற பிறகான முப்பது ஆண்டுகளுக்காகவும் எழ வேண்டும்.

பராமரிப்பு உழைப்பைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். "எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?" என்ற தாயின் துயரம் உண்மையானது. ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் தாய்; மகள் செயப்படுபொருள் மட்டுமே. ஆய்வுகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஐடிஎஸ்-டில்டாவில் சிலர் தாமே பதில் சொன்னார்கள், சிலர் துணையோடு சொன்னார்கள், சிலருக்காகப் பிறர் சொன்னார்கள். எத்தனை மருந்து, எத்தனை முறை மருத்துவமனை என்பதைப் பிறர் சொல்லலாம். வலியையும் தனிமையையும் எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? அந்த ஆய்வு, படங்களோடு கூடிய எளிய மொழியில் படிவங்கள் தயாரித்து, சம்மதத்தை அவர்களிடமே கேட்டது. அதை நான் அறிவியலுக்கு நிகராக மதிக்கிறேன்.

அத்தகைய எளிய தமிழ் நமக்கும் வேண்டும். மார்பகப் பரிசோதனை என்றால் என்ன, மாதவிடாய் நிற்கும்போது உடலில் என்ன நடக்கும், எங்கே வலிக்கிறது என்று எப்படிக் காட்டுவது: இவற்றை ஐம்பது வயதுப் பெண்ணிடம் ஐம்பது வயதுப் பெண்ணாகவே மதித்துச் சொல்லும் தமிழ். தமிழ் கற்பிக்கும் எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.