ரோரிக்கின் மலை ஓவியங்களும் திறனாய்வுச் சொல்லாட்சியும்

நிக்கோலஸ் ரோரிக்கின் (1874–1947) இமயமலை ஓவியங்களைப் பற்றிய எழுத்துகளில் 'ஆன்மிகம்', 'தெய்விகம்' என்னும் சொற்களே மிகுதியாக ஆளப்படுகின்றன. இவை ஓவியரின் நோக்கத்தைச் சுட்டினும் அவர் கண்ட நிலத்தைச் சுட்டுவதில்லை. உயர்ந்த மேட்டுநிலத்தின் வறண்ட, மெல்லிய காற்றில் தொலைவிலுள்ள முகடுகளும் கூர்மையாகத் தெரியும். அவருடைய டெம்பரா ஓவியங்களில் மலையடுக்குகள் தெளிந்த விளிம்புடைய வண்ணப் பரப்புகளாக அமைவதற்கு இப்பட்டறிவும் ஒரு காரணம் எனலாம்.

1925 முதல் 1928 வரை நடு ஆசியாவில் பயணம் செய்த அவரது குழு, 1927–28 குளிர்காலத்தில் திபெத்திய மேட்டுநிலத்தில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தடுத்து நிறுத்தப்பட்டது. கூடாரங்களில் தங்கிக் கடுங்குளிருக்கு ஆளான குழுவினருள் சிலர் இறந்தனர். சுமை விலங்குகள் பல மடிந்தன. உடன் சென்ற மகனும் திபெத்தியல் அறிஞருமான ஜார்ஜ் ரோரிக், 1931இல் வெளியிட்ட பயண நூலில் இத்துன்பத்தைப் பதிவு செய்துள்ளார். தந்தையின் மலைகளில் அதன் சுவடு அரிதாகவே தென்படுகிறது. இந்த விலக்கலை 'அமைதி' என்னும் சொல் மறைத்துவிடுகிறது. ஆகவே, இவ்வோவியங்களைப் பற்றிய குறிப்புகளைத் தமிழாக்குவோர் முகடு, கணவாய், பனியாறு முதலிய நிலச்சொற்களைச் செம்மையாக வரையறுத்த பின்னரே புகழ்ச்சொற்களை நாடுதல் தகும்.